புதுப்பிப்பு: அது லெப்பர்ட் மாத் தான்!

பெயர் குறிக்காத பழைய விமானப் படம் ஒன்றைப் போட்டு, இது பிரிட்டிஷ் விமான நிறுவனமான டி ஹாவிலண்டின் புஸ் மாத் ரகமா, லெப்பர்ட் மாத் ரகமா என்று கேட்டிருந்தேன். இரண்டுக்கும் மூடிய கேபின், உச்சியில் ஒற்றை இறக்கை, மூக்கில் தலைகீழாகப் பொருத்திய ஜிப்ஸி இன்ஜின். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்ததும் சந்தேகம் தீர்ந்தது. இறக்கை நுனியை நோக்கிக் குறுகுகிறது; புஸ் மாத்துக்கு அப்படி இருக்காது. விமானி முன்னால் நடுவில், பின்னால் இருவர் பக்கத்தில் பக்கத்தில். அருமையான அமைப்பு, லெப்பர்ட் மாத்துக்கே உரியது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த விமானமா இது என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, அது புஸ் மாத். லெப்பர்ட் மாத் முதன்முதலில் பறந்ததே 1933-ல்தான்.

அப்புறம், பதிவெழுத்தில் 'வி.டி.' தெரிகிறது, அதாவது இந்தியப் பதிவு. மீதி எழுத்துகளைப் படிக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள்.