கடையில் இறங்கிய தண்ணீர் வீட்டில் உருண்டது

வீரவநல்லூரில் வீட்டோடு மூன்று தையல் மிஷின் வைத்து, துவைத்துப் பயன்படுத்தும் குழந்தை நாப்கின் தைக்கிறோம். உள்ளே நாலு மடிப்புப் பருத்தி, பிள்ளையின் தோலில் படும் பக்கம் மெல்லிய நான்-ஓவன் (நெய்யாமல், பிளாஸ்டிக் இழைகளை ஒட்டவைத்துச் செய்த துணி). போன சித்திரையில் ஒரு வியாபாரி, கடையிலேயே துணிமேல் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். சட்டென்று இறங்கியது. ரோலை எடுத்து வந்துவிட்டேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. அம்பாசமுத்திரத்து அக்கா ஒருத்தர் நாப்கினோடு வந்து நின்றார். "என்ன தம்பி, சேம்பு எலையில ஊத்துன மாதிரில்லா உருளுது?"

மிச்சமிருந்த புதுத் துண்டு ஒன்றை வெறும் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். சோப்பே போடவில்லை, தண்ணீர் நுரைத்தது! பூச்சு கழன்று வருகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

இந்தத் துணியின் இழை பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அது பிறவியிலேயே தண்ணீருக்கு ஆகாதது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், இழையின் பரப்பு ஆற்றலோ சுமார் 30தான். அதனால் தண்ணீர் பரவாமல் குண்டுமணியாய் நிற்கும். அதை மறைக்க மேலே சோப்பு இனத்துப் பொருளைத் தெளிக்கிறார்கள். தூக்கிப்போடும் டயப்பருக்குச் சரி, துவைப்பதற்கு எப்படித் தாங்கும்? இன்னொன்று, இந்தத் துணி 'உறிஞ்சும்' என்பதே தப்பு. அது வழிவிடுகிறது, அவ்வளவுதான். உறிஞ்சுவது அடியிலுள்ள பருத்தி.

இப்போதெல்லாம் முதல் சொட்டை நான் நம்புவதில்லை. லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்து, டிஷ்யூ தாள்மேல் துணியை விரித்து, 5 மில்லி ஊற்றுவேன். தாளை மட்டும் மாற்றி, அதே இடத்தில் மறுபடி, அப்புறம் மறுபடி. மூன்றாவதில்தான் சாயம் வெளுக்கும். பிளாஸ்டிக்கை உருக்கும்போதே தண்ணீரை ஏற்கச் செய்யும் மருந்து கலந்து நூற்ற துணி இதில் தேறியது. மேலே இருக்கும் மருந்து அலசலில் போனாலும் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வருமாம். விலைதான் கடிக்கிறது.

—

இதைப் படித்த ஒருவரின் பதில்: அண்ணாச்சி, எனக்கு நேர்ந்தது வேறு. மேலப்பாளையத்தில் துடைப்புத் துணி வெட்டி விற்கிறேன். கொரோனா மின்பொறி கொடுத்த ரோல், அதாவது மேற்பரப்பில் மின்பொறி பாய்ச்சித் தண்ணீரை ஏற்க வைத்த துணி, வாங்கினேன் (அந்த நோய் இல்லை, பயப்படாதீர்கள்). வந்த வாரம் பிரமாதம். தகரக் கூரை குடோனில் கோடை முழுக்கக் கிடந்தபின் பழைய குணமே திரும்பிவிட்டது. மேலே உண்டான நீர் விரும்பும் பகுதிகள் நாளாக ஆக உள்பக்கம் திரும்பிக்கொள்ளுமாம், சூட்டில் இன்னும் சீக்கிரம். இப்போது பாலியெஸ்டர் நான்-ஓவனுக்கு மாறிவிட்டேன். பாலியெஸ்டரும், தண்ணீரை விரும்பும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் சேர்ந்த பூச்சு அதில் இனத்தோடு இனம் சேர்ந்த மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் துணியில் அது ஒட்டாது, முயல வேண்டாம்.