புதுப்பிப்பு: டிரோன் ஜூமில் செம்பனைக் குலை மங்கலாகத் தெரிவது ஏன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் மேவிக் 3 எண்டர்பிரைஸ் டிரோனின் ஜூமில் குலை மங்கலாக விழுவதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

இந்த டிரோனுக்கு 56 மடங்கு ஜூம் என்பதெல்லாம் விளம்பர எண். டெலி லென்ஸ் (தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) 162 மி.மீ.; 24 மி.மீ. அகலக் கேமராவோடு ஒப்பிட்டால் சுமார் 7 மடங்கு. அதற்கு மேல் வெட்டிப் பெரிதாக்குவதுதான். 7 மடங்கில் எடுத்ததைக் கணினியில் பெரிதாக்கி 28 மடங்கில் எடுத்ததோடு வைத்துப் பாருங்கள், குலையின் முள் கூடுதலாகத் தெரியாது.

கன்ட்ரோலர் திரையை நம்பாதீர்கள், அது சுருக்கி அனுப்பும் வீடியோ. கார்டில் உள்ள மூலப்படத்தை 100 சதவீதத்தில் திறந்து மட்டையின் ஓரத்தைக் கவனியுங்கள்:

ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 1/500 நொடி வேகத்துக்குக் குறையக் கூடாது, காற்றடித்தால் 1/1000. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். அதனால் படத்தில் வரும் புள்ளியைப் பிறகு குறைக்கலாம், இழுவையை நேராக்க முடியாது.

ஓரம் நெளிந்தால் வெப்பக் காற்று. மதிய வெயிலில் செம்மண் ரோட்டுக்கு மேலே எந்த லென்ஸும் தோற்கும். காலையிலேயே பறக்கவிடுங்கள்.

படம் முழுக்கப் பால் கலந்தாற்போல் இருந்தால் லென்ஸில் ஈரம். ஏர்கான் அறையிலிருந்து எடுத்ததும் பறக்கவிடாமல், வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை பெட்டியிலேயே வையுங்கள். புகைமூட்ட நாளிலும் இதே தோற்றம்தான். அன்றைக்குக் கிட்டே போய் எடுப்பதே வழி.