மறு: ஸ்வே பார் – ‘நிலைப்படுத்தி’ வேண்டாம், ‘சாய்வடக்கி’ போதும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்வே பாருக்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: நிலைப்படுத்தித் தண்டு, ஆட்டத்தடுப்புக் கம்பி, சாய்வெதிர்ப்புத் தண்டு. மூன்றும் மூன்று ஆங்கிலப் பெயர்களின் நிழல்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919இல் காப்புரிமை பெற்ற பொருள் இது. நூறாண்டு கடந்தும் ஆங்கிலத்திலேயே இது ஒரே பெயரில் நிற்கவில்லை. அமெரிக்காவில் ஸ்வே பார், பிரிட்டனில் ஆன்டி ரோல் பார், உதிரிபாகப் பட்டியல்களிலும் நம் பட்டறைகளிலும் ஸ்டெபிலைசர் பார். எந்த ஆங்கிலப் பெயரைப் பின்பற்றுவது என்று நாம் சண்டை போட வேண்டியதில்லை. காருக்கு அடியில் அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைக்கலாம்.

காரின் பின்பக்கத்துக்குக் கூடுதல் தடிமனுள்ள கம்பியை வெளிச்சந்தையில் வாங்கி மாட்ட நினைப்பவருக்கான கட்டுரைக்குத்தான் இந்தச் சொல் கேட்கப்பட்டது. அவருக்குச் சொல் உதவுகிறதா, வழி தப்ப வைக்கிறதா என்பதே என் அளவுகோல்.

‘ப’ எழுத்தைத் தரையில் படுக்க வைத்த வடிவில் ஓர் எஃகுக் கம்பி. அதன் நடுப்பகுதியை இரண்டு புஷ்கள் (ரப்பர் போன்ற வளையங்கள்) கார்ச் சட்டத்தோடு பிடித்திருக்கும். ‘ப’வின் இரண்டு கைகளின் நுனிகளும் லிங்க் ராடு என்ற சிறு இணைப்புக் கோல் வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனில் இணைந்திருக்கும். வேகத்தடையில் இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறினால் கம்பி புஷ்களுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும். அதற்கு வேலையே இல்லை. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது ஒரு கை மேலேயும் மறு கை கீழேயும் போகப் பார்க்கும். கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கைக் கழற்றிக்கொள்ள அது முயலும் விசைதான் சாய்வைக் கட்டுக்குள் வைக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பரிந்துரைகளைப் பாருங்கள். ‘ஆட்டத்தடுப்பு’ நேரடியாகத் தவறான கடைக்கு அனுப்புகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் கார் குதித்துக்கொண்டே இருந்தால் அதைத்தான் வண்டிக்காரர் ஆட்டம் என்பார். அதற்குப் பொறுப்பு ஷாக் அப்சார்பர். பிரேக் அழுத்தும்போது மூக்கு தாழ்வதும் ஆட்டம்தான். அதையும் இந்தக் கம்பி தொடுவதில்லை. போதாக்குறைக்கு, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வாலாட்டுவதைத் தடுக்கும் வேறொரு கருவியையும் அமெரிக்கர்கள் ஏறக்குறைய இதே பெயரில் அழைக்கிறார்கள். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

‘நிலைப்படுத்தி’ மீது எனக்குக் கோபமே உண்டு. மின்னழுத்தக் கருவிக்கும் ஐஸ்கிரீமில் சேர்க்கும் பொருளுக்கும் விமானத்தின் வாலுக்கும் ஏற்கெனவே அதுதான் பெயர். அதைவிடப் பெரிய குற்றம், அது பொய் வாக்குறுதி தருகிறது. பின்பக்கக் கம்பியைத் தடிப்பாக்கினால் கார் கூடுதலாக நிலைப்படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பல நேரங்களில் நேர்மாறாகத்தான் நடக்கும்.

காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வளைவில் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் சுமையின் மொத்த அளவைக் காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களின் இடையகலம், வளைவை எடுக்கும் வேகம் ஆகியவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. கம்பி மாற்றுவது அந்த மொத்தத்தை அல்ல, முன்னச்சும் பின்னச்சும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தை. பின்னால் விறைப்பு கூடினால் பின்னச்சு பெரிய பங்கை ஏற்கும். முன் டயர்களுக்கிடையே சுமை வேறுபாடு குறையும். அவற்றின் பிடி கூடும். முன்சக்கர இயக்கக் கார்கள் வளைவில் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாமல் வெளியே ஒழுகும் குணம், அதாவது அண்டர்ஸ்டியர், இதனால் குறைகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுபவருக்கு இது இனிக்கும். ஆனால் விலை உண்டு: பின் டயர்களின் பிடி குறைகிறது. ஈரச் சாலையில், வளைவின் நடுவில் பதறிப்போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கிச் சுற்ற வாய்ப்புண்டு. இப்படிப்பட்ட பொருளுக்கு ‘நிலைப்படுத்தி’ என்று பெயர் சூட்டிக் கையில் கொடுப்பது நியாயமா?

மிஞ்சுவது சாய்வு. அதை ஏற்கிறேன், ‘எதிர்ப்பு’, ‘தடுப்பு’ இரண்டையும் ஏற்கவில்லை. தடுப்பது என்றால் சாயவே விடாமல் செய்வது. இந்தக் கம்பி மாட்டிய காரும் சாயும், குறைவாகச் சாயும். அடக்குதல் என்ற வினைதான் இதற்குப் பொருத்தம். அடக்கப்பட்ட காளை காணாமல் போய்விடுவதில்லை. எனவே ‘சாய்வடக்கி’. தண்டு, கம்பி, கோல் எதையும் வாலாக ஒட்ட வேண்டாம். 1990களின் சிட்ரோயன் சான்டியா ஆக்டிவா காரில் சாய்வை அடக்கியது வெறும் கம்பி அல்ல, கம்பியோடு சேர்ந்த ஹைட்ராலிக் அமைப்பு. ஆடி எஸ்க்யூ7 காரில் கம்பியை நடுவில் வெட்டி, 48 வோல்ட்டில் இயங்கும் மோட்டாரை வைத்திருக்கிறார்கள். வேலையைச் சொல்லும் பெயர் இவற்றுக்கும் செல்லும்.

“சாய்வு என்றால் குடைசாய்தல் நினைவுக்கு வரும், சாய்வுதளமும் வரும்” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வரட்டும். ‘ஒருக்களிப்பு’ என்று அவரே சொன்ன மாற்று அழகான சொல்தான். கார் வளைவில் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ‘ஒருக்களிப்படக்கி’ என்று எந்த மெக்கானிக்கும் வாய்திறந்து சொல்ல மாட்டார்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘பின்சாய்வடக்கி’ என்று எழுதினால், பின்னோக்கிச் சாய்வதை அடக்கும் கருவி என்று படிக்க இடமுண்டு. பின்பக்கக் கம்பியைப் பற்றிய கட்டுரையிலேயே இந்த ஓட்டை இருந்தால் எப்படி? ‘பின்னச்சுச் சாய்வடக்கி’, ‘முன்னச்சுச் சாய்வடக்கி’ என்று அச்சை இடையில் வைத்தால் ஓட்டை அடைபடும். நீளம்தான், ஆனால் தெளிவு.

இனி, வாங்குபவர் பக்கம் இந்தச் சொல் எப்படி நடக்கிறது என்று ஓட்டிப் பார்க்கிறேன். முதலில் அவர் குனிந்து பார்க்க வேண்டியது, தன் காரில் தனிச் சாய்வடக்கி இருக்கிறதா என்பதை. ஸ்விஃப்ட், போலோ போன்ற சிறிய கார்களில் பின்சக்கரங்களை இணைக்கும் குறுக்கு உத்தரமே முறுக்கிக்கொண்டு அந்த வேலையைப் பெருமளவு செய்துவிடும். அவற்றுக்குக் கிடைக்கும் கம்பி, அந்த உத்தரத்துக்கு வலுச் சேர்க்கும் வகை. அதையும் சாய்வடக்கி என்றே சொல்லலாம். ‘தண்டு’ என்று பெயரிட்டிருந்தால் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்தது தடிமன். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 18 மி.மீ. கம்பியிலிருந்து 20 மி.மீ.க்குப் போனால் கூடுவது பத்தில் ஒரு பங்கல்ல. விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. 22 மி.மீ. என்றால் இரண்டேகால் மடங்கு. உள்ளீடற்ற கம்பியும் கிடைக்கும்: வெளிவிட்டம் 22, உள்விட்டம் 14 மி.மீ. என்றால் எடையில் நாற்பது சதவீதம் போய்விடும், விறைப்பில் பதினாறு சதவீதம்தான் போகும். கையின் நுனியில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால் விறைப்பை மாற்றிக்கொள்ளலாம். நடுப்பகுதியை நெருங்கிய துளையில் மாட்டினால் கை குட்டையாகி விறைப்பு கூடும். முதலில் மென்மையான துளையில் மாட்டுங்கள் என்பதே என் ஆலோசனை. தடித்ததே சிறந்தது என்று வாங்கினால், வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். பந்தயத்தில் அது வேடிக்கையான படம்; குடும்பத்தோடு போகும் காரில் வேண்டாம்.

பிடிமானத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. விறைப்பு கூடினால் புஷ் பட்டைகள் பதிந்திருக்கும் இடத்தில் இழுவையும் கூடும். 1990களின் ஹோண்டா சிவிக்கில், வலுவூட்டும் தகடு இல்லாமல் தடித்த பின்கம்பியை மாட்டியவர்களுக்குப் பிடிமான உலோகமே கிழிந்திருக்கிறது.

மாட்டும் முறை கடினமல்ல, பொறுமை வேண்டும். பின்பக்கத்தில் இடது, வலது இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஒருபக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். போல்ட் கழன்ற நொடியில் உங்கள் கையை அடிக்கும். லிங்க் ராடு நட்டைத் திருப்பினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பந்து முனையும் சேர்ந்து சுற்றும். முனையின் தலையில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்ற வேண்டும். சில கார்களில் பழைய கம்பியை உருவுவதற்குப் பின்பக்கத் துணைச்சட்டத்தைச் சற்று இறக்க நேரும். அதை லிஃப்ட் உள்ள பட்டறையில் விட்டுவிடுவது நல்லது. புதிய பாலியுரேத்தேன் புஷ்ஷின் உட்புறத்தில் கிட்டோடு வரும் கிரீஸை வழியத் தடவாவிட்டால், ஒவ்வொரு வேகத்தடையிலும் கிறீச்சிடும். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், சைலன்சர் எதிலும் கம்பி உரசுகிறதா என்று சஸ்பென்ஷனின் முழு அசைவுக்கும் பார்க்க வேண்டும். போல்ட்டுகளுக்கான இறுதி முறுக்கத்தைச் சக்கரங்கள் தரையில் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

இந்தப் பத்திகளில் இரண்டு சொற்கள் இன்னும் உறுத்துகின்றன. ஒன்று லிங்க் ராடு. ‘தொடுகோல்’ என்று ஒருவர் சொன்னார், தொடுகோட்டோடு மோதுகிறது. ‘இணைகோல்’ எனக்குப் போதும். அடுத்தது, லிங்க் நீளம் சரியில்லாததால் கார் சமதளத்தில் நிற்கும்போதே கம்பியில் தங்கியிருக்கும் முறுக்கு. ‘முன்முறுக்கு’ என்ற பரிந்துரையில் முன் என்பது காலமா, காரின் முன்பக்கமா என்று தெரியவில்லை. பின்சாய்வடக்கியில் பார்த்த அதே ஓட்டை. ‘ஓய்வுமுறுக்கு’ என்று வைக்கலாமா? இணைகோலின் நீளத்தைச் சரிசெய்து ஓய்வுமுறுக்கை நீக்கு என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் நிற்கிறது. மறுப்பு இருந்தால் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து