கர்னல் 6.8-க்குச் சென்ற மெய்நிகர் கணினிகள் 5.4-க்குத் திரும்ப மறுப்பது ஏன்?

தைசெங்_இரவுப்பணி:
வணக்கம். எங்கள் தரவு நிலையத்தில் உபுண்டு 20.04, கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 5.4-இல் ஓடும் கேவிஎம் ஹோஸ்ட்களை (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சேவையகங்களை) உபுண்டு 24.04, கர்னல் 6.8-க்கு ஒவ்வொன்றாக மாற்றி வருகிறோம். இரு பக்கமும் ஒரே வகைச் செயலிகள்தான். புதிய ஹோஸ்டுக்கு லைவ் மைக்ரேஷன் (கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நகர்த்துவது) தடையின்றி நடந்தது. சோதனைக்காகத் திருப்பி அனுப்பியபோது சில கணினிகள் ஒழுங்காகத் திரும்பின. வேறு சில, நினைவகம் முழுவதும் நகர்ந்த பிறகு, கடைசிக் கட்டத்தில் எம்எஸ்ஆர் 0x48-ஐ (செயலியின் ஒரு கட்டுப்பாட்டுப் பதிவகம்) அமைக்க முடியவில்லை என்ற பிழையுடன் நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்எம்எல் வார்ப்பு (கணினியின் அமைப்பை விவரிக்கும் கோப்பு). சிபியு அமைப்பு ஹோஸ்ட்-பாஸ்த்ரூ, அதாவது ஹோஸ்டின் செயலியை அப்படியே காட்டுவது. தீபாவளி விடுமுறைக்கு முன் பணியை முடிக்க வேண்டும். பின்வாங்கும் வழியைக் காட்டினால்தான் ஒப்புதல் என்கிறது மேலிடம்.

பொங்கோல்_கர்னல்:
திரும்பாத கணினிகள் புதிய ஹோஸ்டுக்கு வந்த பிறகு உள்ளிருந்து ஒருமுறையாவது ரீபூட் ஆகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஹோஸ்ட்-பாஸ்த்ரூவில், வந்து சேரும் இடத்துக் கியூஎமு (மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருள்) தன் ஹோஸ்ட் காட்டும் வசதிகளையே மெய்நிகர் கணினிக்குள் ஓடும் விருந்தினர் இயங்குதளத்துக்கும் காட்டும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் அவற்றைத் தொடக்கத்தில் படித்ததோடு சரி. ரீபூட் ஆனால் மீண்டும் படிக்கும், 6.8 புதிதாகக் காட்டும் ஊகச் செயலாக்கத் தடுப்புகளை (செயலி கட்டளைகளை ஊகித்து முன்கூட்டியே இயக்குவதால் வரும் பாதுகாப்புக் குறைகளுக்கானவை) கண்டுகொள்ளும், பதிவகம் 0x48-இல் அதற்குரிய பிட்டை எழுதிவிடும்.

அந்தப் பதிவகத்தின் மதிப்பு சுழியமாக இருந்தால் கியூஎமு அதை அனுப்புவதே இல்லை. ஆகவே அந்தப் பதிவகத்தைத் தொடாத கணினி சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறது. தொட்ட கணினியின் மதிப்பை, அந்தப் பிட்டை அறியாத 5.4 கர்னல் ஏற்க மறுக்கிறது. சோதனைக்கு ஒரு கணினியை மட்டும் போய்வரச் செய்து "பின்வாங்கல் சரி" என்று படிவத்தில் குறிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தீர்வு, பெயருள்ள சிபியு மாடலுக்கு மாறுவது. பழைய ஹோஸ்டில், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் கட்டளைக் கருவியான விர்ஷின் ஹைப்பர்வைசர்-சிபியு-பேஸ்லைன் கட்டளைக்கு இரு ஹோஸ்ட்களின் சிபியு விவரங்களையும் கொடுத்தால் இரண்டுக்கும் பொதுவான மாடல் கிடைக்கும். உள்ளிருந்து ரீபூட் செய்தால் இது நடைமுறைக்கு வராது, ஏனெனில் அதே கியூஎமு செயல்முறைதான் தொடர்கிறது. முழுவதும் நிறுத்தித் தொடங்க வேண்டும்.

விர்ஷ்_பிரியன்:
மெஷின் டைப்பையும் (மெய்நிகர் வன்பொருளின் வகையும் பதிப்பும்) கவனியுங்கள். 20.04-இல் இருப்பது கியூஎமு 4.2, 24.04-இல் 8.2. எக்ஸ்எம்எல்-இல் வெறும் "பிசி" என்று எழுதிப் புதிய ஹோஸ்டில் வரையறுத்தால், லிப்விர்ட் (விர்ஷுக்குப் பின்னால் இருக்கும் நிர்வாக மென்பொருள்) அதை அங்குள்ள புதிய வகையாக மாற்றிப் பதிந்துகொள்ளும். அந்த வகையைப் பழைய ஹோஸ்ட் அறவே அறியாது. பணி முடியும்வரை புதுக் கணினிகளையும் பழைய வகையிலேயே உருவாக்குங்கள். அப்படிச் செய்தாலும் புதிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்புவதற்குக் கியூஎமு தரப்பில் உத்தரவாதம் இல்லை.

தைசெங்_இரவுப்பணி:
மிக்க நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன், நின்றவை அனைத்தும் வார இறுதிப் பேட்ச்சுக்குப் பிறகு ரீபூட் ஆனவையே. ஒரு வங்கி வாடிக்கையாளரின் கணினிகளும் அவற்றுள் இருப்பதுதான் கவலை. நிறுத்தித் தொடங்க அவர்கள் சம்மதிப்பார்களா?

பொங்கோல்_கர்னல்:
வங்கிகளின் முக்கியக் கட்டமைப்புகளுக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையம் 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத் திட்டமிடாத தடங்கலையே அனுமதிக்கிறது. நீங்கள் கேட்பது முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் நிறுத்தம். அவர்களுடைய வழக்கமான பராமரிப்பு நேரத்திலேயே கேளுங்கள். அதுவரை அந்தக் கணினிகள் இருக்கும் 6.8 ஹோஸ்டுக்குத் துணையாக இன்னொரு 6.8 ஹோஸ்டைத் தயாராக வைத்திருங்கள். கோளாறு ஏற்பட்டால் 5.4-ஐ நம்பாமல் அங்கே நகர்த்தலாம்.