புதுப்பிப்பு: பெருவிரல் வலியும் யூரிக் ஆசிடும்

போன மாதம் எழுதியிருந்தேனே, கோத்தகிரி குளிரில் நடுராத்திரி கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது, ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற கழிவு 8.4 என்று. அதன் தொடர்ச்சி.

டாக்டர் விரலைவிட வயிற்றைத்தான் அதிகம் பார்த்தார். டேப் போட்டால் 98 செ.மீ.; நம் ஊர் ஆண்களுக்கு எல்லை 90. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 210, இருக்க வேண்டியது 150-க்குள். பிரஷர் 138/88. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் நல்ல கொழுப்பும் தப்பித்தன. ஆனாலும் இந்த ஐந்தில் மூன்று சரியில்லை என்றாலே மெட்டபாலிக் சிண்ட்ரோமாம், அதாவது இந்தக் கோளாறுகள் கூட்டாக வருவது. யூரிக் ஆசிட் அந்த ஐந்தில் சேராது, கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாதபோது இன்சுலின் ரத்தத்தில் கூடுகிறது. கூடினால் சிறுநீரகம் யூரிக் ஆசிடை வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது.

குளிர்தான் காரணம் என்றவர்களுக்குப் பாதி மார்க். யூரிக் ஆசிட் 6.8-ஐத் தாண்டினால் மூட்டில் படிகமாகலாம், அதுதான் இந்த வலி, சில்லிட்ட விரலில் இன்னும் சுலபம்.

யூரிக் ஆசிட் ஏறுமோ என்று பயந்துபோய் அவரையையும் பருப்பையும் நிறுத்தியது வீண்வேலை. ஈரல், பீர், இனிப்புக் குளிர்பானம்தான் வில்லன்கள். எனக்கு மூன்றாவது. அதை விட்டாச்சு, மாத்திரை ஓடுகிறது. நேற்று யூரிக் ஆசிட் 7.1, எடையில் 3 கிலோ குறைவு. டீயில் சர்க்கரையை மட்டும் இன்னும் அரை ஸ்பூனுக்குக் கீழே இறக்க முடியவில்லை.