சங்ககிரி சொந்தங்கள் குழு: கார்த்தியின் டீசல் கேன்

கார்த்தி (அடிலெய்டு): அடுத்த வாரம் இங்கே ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் சிம்சன் பாலைவனம் போகிறோம். மேற்கு ஓரத்து மவுண்ட் டேரில் டேங்கை நிரப்பினால் அடுத்த பங்க் கிழக்கு ஓரத்து பர்ட்ஸ்வில்லில்தான். நடுவில் சுமார் 500 கிலோமீட்டர்.

அம்மா: ஏன் கண்ணு, ஆளே இல்லாத இடத்துக்கா? பிள்ளைகளும் வருகிறார்களா?

கார்த்தி: இல்லம்மா. நண்பர்கள் மட்டும், இரண்டு வண்டி.

சித்தப்பா: ஹைலக்ஸ் பிக்கப்தானே? டேங்க் எவ்வளவு?

கார்த்தி: 80 லிட்டர் சித்தப்பா. கூடவே 20 லிட்டர் கேன் மூன்று.

திவ்யா: 500 கிலோமீட்டருக்கு 80 லிட்டர் போதாதா அண்ணா?

கார்த்தி: தார் ரோடு என்றால் மிச்சமே இருக்கும். இங்கே ஆயிரத்துக்கும் மேல் மணல்மேடு. 100 கிலோமீட்டருக்கு 16 முதல் 20 லிட்டர் வரை குடித்துவிடும். வழியில் குறுக்கிடும் ஐர் கிரீக் ஓடையில் வெள்ளம் வந்திருந்தால் சுற்றிப் போகவும் டீசல் வேண்டும்.

மாமா: டீசல் வண்டியாகப் போனது நல்லது மாப்பிள்ளை. பெட்ரோல் ஆவி எந்தக் குளிரிலும் பற்றிக்கொள்ளும்.

சித்தப்பா: 60 லிட்டர் என்றால் 50 கிலோ பாரம். எங்கே வைக்கப் போகிறாய்?

கார்த்தி: கூட வருகிறவர் கூரை கேரியரில் கட்டலாம் என்கிறார்.

சித்தப்பா: ஆகவே ஆகாது! மேட்டில் வண்டி ஒருபக்கம் சரியும்போது மேல்பாரம்தான் ஆளைக் கவிழ்க்கும். பின் பாடியில், கேபினை ஒட்டி நிற்க வைத்து, பெல்ட் போட்டு இறுக்கு. ஒரு விரல்கூட ஆடக்கூடாது. உரசி உரசியே கேன் ஓட்டையாகும். கேபினுக்குள்ளும் வேண்டாம், ஆவியில் தலை சுற்றும்.

கார்த்தி: சரி சித்தப்பா.

சித்தப்பா: இன்னொன்று. கேனைக் கடைசிவரை பொத்தி வைக்காதே. டேங்கில் கால்வாசி இறங்கியதுமே ஒன்றை ஊற்றிவிடு. பாரம் கீழே வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போய்விடும். கேனில் அழுக்கோ தண்ணீரோ இருந்தாலும் பங்க் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

மாமா: அது சரியான பேச்சு. வடிகட்டி வைத்த புனல் வாங்கிக்கொள் மாப்பிள்ளை. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இப்போதைய இன்ஜெக்டருக்கு மணலும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ஊற்று.

திவ்யா: பங்கில் கேனை வண்டியில் வைத்தபடியே நிரப்பலாமா?

மாமா: கூடாதம்மா, தரையில் இறக்கித்தான். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் இருந்தால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி வரலாம். கழுத்து வரைக்கும் நிரப்பக் கூடாது. வெயிலில் கேன் உப்பிப்போய் நிற்கும். மூடியைச் சட்டென்று திருகினால் புஸ்ஸென்று முகத்தில் அடிக்கும், மெதுவாகத் திற.

கார்த்தி: டயரில் காற்றை 18 பிஎஸ்ஐக்குக் குறைக்கப் போகிறோம். டீசலும் மிச்சமாகும்.

சித்தப்பா: என்னப்பா சொல்கிறாய்? காற்று குறைந்தால் லாரி இன்னும் கூடத்தானே குடிக்கும்?

கார்த்தி: தாரில் அப்படித்தான். மணலில் டயர் அகலமாகப் படிந்தால் புதையாமல் மேலே ஓடும். காற்று நிறைய இருந்தால் பள்ளம் தோண்டித் தோண்டியே டீசல் தீரும்.

சித்தப்பா: ஆற்று மணல் ஏற்றின காலத்தில் நாங்கள் இதைச் செய்ததில்லை. ஆனாலும் நீ சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள், தார் ரோடு ஏறியதும் அடிக்க வேண்டுமே.

அம்மா: சாட்டிலைட் போன் நம்பரை இங்கேயே போட்டுவிட்டுப் போ கண்ணு. தண்ணீருக்கு எத்தனை கேன் வைத்திருக்கிறாய்? அதைப் பற்றி ஒருத்தரும் பேசக் காணோம்.