குளக்கரையில் கண்ட மாற்றம்: மாணவர் நீச்சல் அணிகளின் உடையும் உடலும்

பள்ளி அணியிலும் பிறகு கல்லூரி அணியிலும் நான் நீந்தியது எண்பதுகளின் பிற்பகுதியில். இப்போது மாணவர் போட்டிகளில் நேரம் குறிக்கப் போகிறேன். உடை மாறியதைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். ஆனால் உடை மாறியதால்தான் நீச்சல் வீரர்களின் உடலும் மாறியது என்பது நான் கண்ட உண்மை. அதையே இங்கே பகிர்கிறேன்.

எங்கள் காலத்தில் பையன்களுக்கு நாடா வைத்த சின்ன முக்கோண உடை, பெண்களுக்குக் கால் மறையாத ஒற்றை உடை. வேறு வகையே கிடையாது. குளோரின் பட்டுப்பட்டு லைக்ரா இழை சீக்கிரமே தொய்ந்துவிடும். தொய்ந்த உடையையும் வீணாக்கமாட்டோம். பயிற்சியில் நல்லதன்மேல் அதை அணிந்து நீந்துவோம். தண்ணீர் பின்னால் இழுக்கும், போட்டியன்று அதைக் கழற்றியதும் உடம்பு பறப்பதுபோல இருக்கும். உடை மாற்றும் அறையில் மார்க் ஸ்பிட்ஸின் படம் ஒட்டியிருந்தோம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்றபோது அவர் தலையில் தொப்பி இல்லை, கண்ணாடியும் இல்லை, மீசை மட்டும் இருந்தது. நீச்சல்காரன் என்றால் அவரைப் போல நீண்டு மெலிந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. பளு தூக்கினால் தசை இறுகிவிடும் என்று பயிற்சியாளர்கள் பலர் நம்பினார்கள். தோளும் முதுகும் நீந்தி நீந்தியே அகன்றன. இடுப்புக்குக் கீழே யாரும் கவனம் செலுத்தவில்லை.

2008-இல் ஸ்பீடோ நிறுவனத்தின் எல்இசட்ஆர் ரேசர் என்ற, உடலை மூடி இறுக்கும் பந்தய உடை வந்ததும் எல்லாம் தலைகீழானது. அடுத்த ஆண்டில், பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்காலேயே முழுவதும் செய்த உடைகளும் வந்தன. கல்லூரிப் போட்டிகளில் உடை மாற்றும் அறையைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, அதன்மேல் உடையை வழுக்கி ஏற்றி, இரண்டு நண்பர்கள் பிடித்து இழுக்க, முதுகுப்பக்கம் மூடுவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். இறுதிச் சுற்றுக்குச் சற்றுமுன் ஒரு மாணவனின் உடை தொடைப் பகுதியில் கிழிந்ததைப் பார்த்தேன். நண்பனின் சாதாரண உடையை வாங்கி அணிந்து நீந்தினான். தோற்றதைவிட, வேகத்தையே உடையோடு இழந்துவிட்டதாக அவன் நம்பியதுதான் என்னை வருத்தியது.

அந்த உடைகள் செய்தது என்ன? உடலை இறுக்கிப் பிடித்து வழவழப்பான உருளையாக்கின. தண்ணீரில் மிதப்பையும் கூட்டின. கடைசி 15 மீட்டரில் வயிற்றுத்தசை களைத்தால் இடுப்பு தாழ்ந்து வேகம் குறையும். அந்த உடை இடுப்பைத் தாழவிடாது. தசை செய்யவேண்டிய வேலையைத் துணி செய்தது. 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் வீழ்ந்தன. அங்கே பால் பீடர்மான் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வைத்த 1:42.00 பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நின்றது.

2010 ஜனவரி 1 முதல் விதி மாறியது. நெய்த துணி மட்டுமே. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால்வரை. உடையிடமிருந்து பிடுங்கப்பட்ட வேலை உடலுக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் நான் பார்த்த மாணவர் அணிகளில் தரைப்பயிற்சி உண்மையாகவே வேர்விட்டது. இரு காலையும் சேர்த்து அலைபோல் உதைக்கும் டால்பின் உதை நீருக்கடியில் 15 மீட்டர்வரை ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்ததால் வயிறு, இடுப்பு, தொடை மூன்றுக்கும் மதிப்பு கூடியது. இன்றைய கல்லூரி அணியைப் பார்த்தால் பெண்களும் பளு தூக்குகிறார்கள். மேலே அகன்று கீழே ஒடுங்கிய பழைய உருவத்துக்குப் பதில், முழு உடலும் சீராக வலுத்திருக்கிறது. உயரக் குறைவும் முன்புபோல் தடையாக இல்லை. அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 1.93 மீட்டர், ஆனால் ஏறக்குறைய 1.74 மீட்டர் உயரமுள்ள ஜப்பானின் டையா செட்டோ நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் மெட்லியில் மூன்று முறை உலகப் பட்டம் வென்றிருக்கிறார்.

முழங்கால்வரை உடை பொதுவானதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. என்னோடு படித்த ஒரு பெண் எங்கள் அணியிலேயே நேர்த்தியாக பட்டர்ஃபிளை நீந்துவாள். வளர வளர, கால் மறையாத அந்தப் பழைய உடையில் குளத்துக்கு அனுப்ப வீட்டில் மறுத்துவிட்டார்கள். அவளோடு அந்த நீச்சலும் அணியைவிட்டுப் போயிற்று. இன்று அவள் பள்ளிமாணவியாக இருந்தால் உடை ஒரு காரணமாகியிருக்காது. அடர்ந்த சுருள்முடிக்கான பெரிய தொப்பிக்கு 2022-இல் சர்வதேச அனுமதி கிடைத்ததையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

சிறுவர்களுக்கு விலையுயர்ந்த பந்தய உடை வாங்கிக்கொடுக்கும் போக்கை மட்டும் ஏற்க முடியவில்லை. வளரும் பிள்ளைக்கு சில மாதங்களில் அது சிறிதாகிவிடும். 12 வயதுக்கு உட்பட்டோருக்கு அமெரிக்க நீச்சல் சங்கம் 2020-இல் அவற்றைத் தடைசெய்தது சரியான முடிவு.

இனி உடலைப் பற்றி, எனக்கு மிகவும் முக்கியமானது. எங்கள் அணியில் மாணவிகளை வாரந்தோறும் எடைக்கருவியில் ஏற்றி, எல்லார் முன்னாலும் எண்ணை உரக்கப் படிப்பார் பயிற்சியாளர். ஒருத்தி சாப்பாட்டையே குறைத்தாள். காலில் எலும்பு விரிசல் கண்டு படுத்தாள். பயிற்சிக்குத் தேவையான அளவு உண்ணாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு வலுவிழக்கும், ஆண்களுக்கும் ஹார்மோன் குறையும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நல்ல அணிகளில் இப்போது எடைக்கருவியே கிடையாது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் கைப்பேசிப் படங்கள் வேறு வழியில் அதே நெருக்கடியைக் கொண்டுவருகின்றன. வயிற்றுத்தசை வரிவரியாகத் தெரியவில்லை என்று வருந்தும் பையன்களைக் குளக்கரையில் பார்க்கிறேன். அவர்களில் சிலர் என் கடிகாரத்தில் தடத்திலேயே வேகமானவர்கள்.

சில கல்லூரி அணிகளில் எடை பார்க்கும் பழக்கம் இன்னும் தொடர்வதாகக் கேள்விப்படுகிறேன். அங்கே பயிற்சி தருபவர்கள் யாராவது இதைப் படித்தால், அதை நிறுத்த என்ன தடை என்று எழுதுங்கள்.